கார்டு பிடிக்கக் கிட்டார் எதற்கு?

ஒரு பாட்டைக் காதால் கேட்டே அதன் கார்டு (chord, மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) கண்டுபிடிக்க உட்காருகிறவர்கள் முதல் வேலையாகக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பாட்டு ஓடும்போதே ஜி மேஜர் போட்டுப் பார்ப்பார்கள். ஒட்டவில்லையென்றால் டி, அதுவும் இல்லையென்றால் ஈ மைனர். ஏதோ ஒன்று ஒத்துப்போனதும் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவார்கள். பாட்டு முடிவதற்குள் ஒரு கார்டு வரிசை கையில் இருக்கும். மறுநாள் அதே வரிசையைப் பாட்டைப் போடாமல் தனியாக வாசித்தால், என்னவோ அது அந்தப் பாட்டு மாதிரியே இருக்காது.

விரல்களில் கோளாறு இல்லை. ஓடுகிற பாட்டின் மேல் எந்தக் கார்டை மீட்டினாலும், அதிலுள்ள மூன்று சுரங்களில் இரண்டு பாட்டோடு பொருந்திவிட்டால் காது தலையாட்டிவிடும். மூன்றாவது உறுத்துவது தெரியாது. மடியில் இருக்கும் கிட்டாரின் சத்தம் எதிரே ஓடும் பாட்டை அமுக்கிவிடுகிறதே! சி மேஜர் என்றால் சி, ஈ, ஜி. ஏ மைனர் என்றால் ஏ, சி, ஈ. ஈ மைனர் என்றால் ஈ, ஜி, பி. சி மேஜருக்கு இந்த இரண்டு மைனர்களோடும் இரண்டிரண்டு சுரங்கள் பொது. பாட்டில் இருப்பது சி மேஜர் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றில் எதை மீட்டினாலும் ‘சரியாத்தானே இருக்கு’ என்று தோன்றும். கிட்டாரிடம் போய் அபிப்பிராயம் கேட்டால் அது ஆமாம் சாமிதான் போடும்.

அதனால் யார் வந்து கேட்டாலும் கிட்டாரைக் கீழே வைக்கத்தான் சொல்கிறேன். தொண்டை போதும். பாடகர் குரலெல்லாம் வேண்டாம். ஒரு சுரத்தை ‘ம்ம்’ என்று முனகி, ஆடாமல் நிறுத்தத் தெரிந்தால் போதும். பாட்டில் ஒலிக்கிற சுரம் ஒன்றைத் தொண்டையில் பிடித்துக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, அதே முனகலைக் கிட்டாரின் ஒற்றைத் தந்தியில் தேடுங்கள். சில விநாடி வேலை. பாட்டிலிருந்து தொண்டைக்கு, தொண்டையிலிருந்து தந்திக்கு. தொண்டையைத் தாண்டிக் குதிக்கிற இடத்தில்தான் ஊகம் நுழைகிறது. ‘எனக்குக் காது போதாது’ என்று சொல்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. எதைக் கேட்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஒரு சுரம் ஒலித்ததுமே அது எஃப் ஷார்ப் என்று பெயர் சொல்லும் திறமை சிலருக்கு உண்டு. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் தெரிந்தால் போதும்.

சரி, எதை முனகுவது? எல்லோருக்கும் மெட்டுதான் முதலில் நாக்கில் வரும். அதை ஒதுக்கிவையுங்கள். அடியில் ஓடும் பேஸைத் தேடுங்கள், அதாவது மிகத் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் வாத்தியத்தை.

ஒரு திரைப்பாட்டில் ஒரே சமயத்தில் குரல், வயலின் கூட்டம், கீபோர்டு, தாள வாத்தியங்கள் எல்லாம் ஓடும். அந்தக் கும்பலைக் கும்பலாகவே கேட்டு ‘இது எஃப் மேஜர்’ என்று சொல்ல முயன்றால் தலைவலிதான் மிச்சம். ஆனால் பெரும்பாலான பாட்டுகளில் பேஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் வாசிக்கிறது. கார்டு மாறுகிற முதல் தட்டில் அது பெரும்பாலும் அந்தக் கார்டின் பெயர்ச் சுரத்திலேயே (சி மேஜர் என்றால் சி) வந்து இறங்கும். நடுவில் நடை போட்டுக்கொண்டு எங்கெங்கோ சுற்றினாலும், தாளம் திரும்பும்போது வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே முதல் தட்டை மட்டும் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

இதற்கு ஹெட்போன் கட்டாயம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டாரின் ஆறாம் தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82 சொச்சம். கைபேசிக்குள் இருக்கும் குட்டி ஒலிபெருக்கிக்கு அந்த எல்லையில் குரலே கிடையாது. அந்தச் சுரத்தின் மேல்கிளை அதிர்வுகளை மட்டும் அது எழுப்பும்; இல்லாத அடிச் சுரத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். பாட்டை ரசிக்க இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். கார்டு பிடிக்கப் போதாது. ஒரு சி மேஜர் செவன்த் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: சி, ஈ, ஜி, பி. அடியிலுள்ள சி காணாமல் போனால் மிஞ்சுவது ஈ, ஜி, பி. அதாவது அச்சு அசலான ஈ மைனர். ஏ மைனர் செவன்த்தில் ஏ, சி, ஈ, ஜி. ஏ காணாமல் போனால் அது சி மேஜர். இன்னும் விஷமம் ஒன்று உண்டு. சி சிக்ஸ்த் கார்டிலும் அதே சி, ஈ, ஜி, ஏ தான். நான்கு சுரங்களும் ஒன்றே. இது ஏ மைனர் செவன்த்தா, சி சிக்ஸ்த்தா என்று தீர்ப்புச் சொல்வது பேஸ் மட்டுமே. நல்ல காது உள்ளவர்கள்கூடக் கைபேசியில் கேட்டுவிட்டு மேஜரா மைனரா என்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

பேஸ் சுரம் நம் தொண்டைக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். ஒன்றிரண்டு ஸ்தாயி தூக்கித்தான் முனக வேண்டும், அது பழகப் பழக வந்துவிடும். வராதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டைப் போட்டு, வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். பாடகர் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுவார், சகித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பேஸ் கிட்டார் சாதாரணக் கிட்டாரின் கனத்த தந்திகளின் இடத்துக்கு ஏறிவந்து, ஒவ்வொரு சுரமும் எண்ணக்கூடியதாகிவிடும். டேப் காலத்தில் இதற்கு வழியில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். வேகமான சோலோவைப் பிரிக்க அது உதவியிருக்கும். பேஸ் இன்னும் பாதாளத்துக்குப் போயிருக்கும்.

சுரத்தைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. சலிப்பாகத் தோன்றும், ஆனால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். ஒரு தாளில் பாட்டின் வரிகளை எழுதி, நான்கு நான்கு தட்டாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டை ஓடவிட்டு, எங்கெல்லாம் ‘ஏதோ மாறியது’ என்று படுகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. எதுவாக மாறியது என்ற கேள்வியே வேண்டாம். பல்லவியில் பெரும்பாலும் இரண்டு தட்டுக்கோ நான்கு தட்டுக்கோ ஒருமுறை மாறும். வரி முடிகிற இடத்தில் மாற்றம் நெருக்கமாக வரும். இந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே பாட்டின் கட்டுமானம் தெரிந்துவிடும்: முதல் வரியும் மூன்றாவது வரியும் ஒன்று, இரண்டாவதன் பிற்பாதி மட்டும் வேறு, சரணத்தின் கடைசி வரி பல்லவிக்கு இழுத்துக்கொண்டு போகிற பாலம். எண்பது கார்டு தேட வேண்டியிருக்குமோ என்று மலைத்த இடத்தில் தேடவேண்டியது பத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது சட்ஜம், அதாவது ‘ச’. பாட்டை எந்த இடத்தில் நிறுத்தினாலும், ‘இங்கே வந்து உட்கார்ந்தால் நிம்மதி’ என்று ஒரு சுரம் மனத்தில் நிற்கும். அதை முனகிக் கிட்டாரில் கண்டுபிடித்தால் ஸ்கேல், அதாவது பாட்டின் சுர வரிசை, கிடைத்துவிடும். சரளி வரிசை பாடிய காதுக்கு இது சுலபம்; மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணம், இயல்பான மைனர் ஸ்கேல் என்பது நடபைரவி. சங்கராபரணத்தின் ஒவ்வொரு சுரத்திலிருந்தும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரம் அடுக்கினால் ச, ம, ப மூன்றிலும் மேஜர் கார்டு, ரி, க, த மூன்றிலும் மைனர் கார்டு, நிஷாதத்தில் மட்டும் டிமினிஷ்டு (மைனரின் பஞ்சமமும் அரைச்சுரம் இறங்கிய கார்டு). சட்ஜம் சி என்றால் சி, எஃப், ஜி மேஜர். டி, ஈ, ஏ மைனர். இந்த ஆறு பேரை வைத்தே வண்டி ஓட்டுகிற பாட்டுகள் ஏராளம். பேஸ் எஃப் சுரத்தில் இறங்கினால் எஃப் மேஜர் என்று தயங்காமல் எழுதிவிட்டு மேலே போகலாம்.

வெளியாள் வரும்போதுதான் சுவாரசியம். சட்ஜம் சி ஆக இருக்க, நடுவில் ஈ மேஜர் வருகிறது. அதில் ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே) இருக்கிறது. குடும்பத்தில் இல்லாத சுரம். அது அடுத்து ஏ மைனருக்குப் போகப்போகிறது என்று அடித்துச் சொல்லலாம், பெரும்பாலும் பலிக்கும். ஏ மைனர் பாட்டுகளில் வரி முடியும் இடத்தில் ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர் வருவதும் இதே கதைதான். நடபைரவியின் கைசிகி நிஷாதம் அந்த ஒரு இடத்தில் அரைச்சுரம் ஏறிக் காகலியாகி, கீரவாணி எட்டிப் பார்க்கிறது. சி ஸ்கேலில் டி மைனர் வரவேண்டிய இடத்தில் டி மேஜர் ஒலித்தால் எஃப் ஷார்ப் நுழைந்துவிட்டது, கல்யாணியின் மத்யமம். பி ஃப்ளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே) மேஜர் வந்தால் ஹரிகாம்போதியின் நிஷாதம். எஃப் மேஜரைத் தொடர்ந்து எஃப் மைனர் வந்து பிறகு சி-க்குத் திரும்புவது உருக்கமான இடங்களில் பிரசித்தம். அங்கே தைவதம் மட்டும் அரைச்சுரம் இறங்கிச் சுத்த தைவதமாகிறது, கணக்குப் பார்த்தால் சரசாங்கி. எனக்கு இந்த வழி கைகொடுக்கிறது. வெளியாள் கார்டை ‘ஏழில் எந்தச் சுரம் இடம் மாறியது’ என்று கேட்டால் உடனே பிடிபடுகிறது. கார்டுப் பெயர்களை வரிசையாக முயன்றால் நேரம்தான் போகிறது.

ஆனால் ராகம் தெரிந்தவர்களுக்கு என்றே ஒரு பள்ளமும் வெட்டி வைத்திருக்கிறது. மெட்டின் சுரங்களை எழுதிவிட்டு அதிலிருந்தே கார்டைக் கறந்துவிடலாம் என்று நினைப்பார்கள். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். சி சட்ஜமானால் சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்து சுரத்துக்குள் முழுமையாக அடங்கும் மேஜர், மைனர் கார்டுகள் இரண்டே இரண்டு: சி மேஜரும் ஏ மைனரும். ஆனால் மோகனத்தில் போட்ட மெட்டுக்கு அடியில் எஃப் மேஜரும் ஜி மேஜரும் டி மைனரும் ஈ மைனரும் தாராளமாக உலவும். மத்யமமும் நிஷாதமும் மெட்டில் இல்லாததால், இசையமைப்பாளர் அந்த இடங்களை என் இஷ்டம் என்று எடுத்துக்கொள்கிறார். அதாவது மெட்டு எவ்வளவு சுத்தமாக ராகத்தில் நிற்கிறதோ, அடியில் என்ன நடக்கிறது என்பதை அது அவ்வளவு குறைவாகச் சொல்லும்.

ஹிந்தோளம் இன்னும் வேடிக்கை. பஞ்சமமே கிடையாது. சி-யில் சட்ஜம் வைத்தால் சி, ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். சட்ஜத்தின் மேல் சி மைனர் கட்டலாமென்றால் அதற்கு வேண்டிய ஜி ராகத்தில் இல்லை. முழுமையாகக் கிடைப்பவை எஃப் மைனரும் ஏ ஃப்ளாட் மேஜரும். இதே ஐந்து சுரத்தை எஃப்-இலிருந்து எண்ணினால் கிட்டார்க்காரர்கள் தினமும் உருட்டும் மைனர் பென்டடானிக். ஆகவே கர்நாடகக் காதோடு கேட்பவர் சி-யைச் சட்ஜம் என்பார். கிட்டாரை வைத்துக்கொண்டு இருப்பவர் எஃப் மைனர் ஸ்கேல் என்பார். இரண்டு பேருமே சரியாகத்தான் கேட்கிறார்கள். சண்டையைத் தீர்க்க மறுபடியும் பேஸிடம்தான் போக வேண்டும். பல்லவி முடிகிற இடத்தில் அது எங்கே இறங்குகிறது?

மாயாமாளவகௌளையில் வேறு சிக்கல். சி, டி ஃப்ளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. ஜி மேல் ஒரு மேஜர் கார்டு கட்ட டி வேண்டும். இருப்பதோ டி ஃப்ளாட். ஜி-யிலிருந்து சி-க்குத் திரும்பி வரி முடிப்பது என்ற வழக்கமான வாசல் அடைத்துக்கிடக்கிறது. அதற்குப் பதில் டி ஃப்ளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு அரைச்சுரம் சறுக்கி இறங்குவது அந்த வேலையைச் செய்யும். இந்த ராகத்தின் சாயலுள்ள பாட்டில் ஜி மேஜரைத் தேடித் தேடிச் சலித்துப்போனால், சி-யிலிருந்து ஒரு ஃப்ரெட் (கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம், அரைச்சுரம்) மேலே இருக்கும் கார்டைக் கேட்டுப் பாருங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பற்றியும் ஒரு வார்த்தை. அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரம் எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்று குரலைக் கேட்டுச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை, அடியில் இருக்கும் கார்டு அசையாது.

பேஸ் கிடைத்த பின் மேஜரா மைனரா என்ற கேள்விக்கும் தொண்டைதான் வழி. பேஸ் சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு ‘ச, க, ப’ என்று மேலே ஏறிப் பாடுங்கள். ஒருமுறை அந்தர காந்தாரம், சட்ஜத்திலிருந்து நான்கு ஃப்ரெட். இன்னொரு முறை சாதாரண காந்தாரம், மூன்று ஃப்ரெட். பாட்டு ஓடும்போது இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பாருங்கள். சரியான காந்தாரம் பாட்டுக்குள் கரைந்து உங்கள் குரலே உங்களுக்குக் கேட்காது. தவறானது நெல்லுக்குள் கல் மாதிரி தனியாக நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எது தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுமே உறுத்தினால் காந்தாரத்துக்குப் பதில் மத்யமமோ ரிஷபமோ நிற்கிறது, சஸ்பென்டட் கார்டு. இரண்டுமே உறுத்தவில்லை என்றால் அங்கே காந்தாரமே இல்லை. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் முழங்கும் பாட்டுகளில் இதுதான் வழக்கம். அந்த முழக்கத்தில் காந்தாரம் சேர்ந்தால் குழம்பிவிடும் என்பதால் சட்ஜ பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதுவரை பேஸைத் தெய்வம் மாதிரி பேசிவிட்டேன். அது ஏமாற்றுகிற இடத்தையும் சொல்ல வேண்டும். பேஸ் எப்போதும் கார்டின் பெயரையே வாசிப்பதில்லை. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும் வழியில் ஜி மேஜர் வந்தால், பேஸ் ஜி-க்குத் தாவாமல் பி-யில் கால்வைத்து இறங்கும்: சி, பி, ஏ. பேஸ் பி என்றதும் பி மைனர் என்று எழுதினால் எஃப் ஷார்ப் வந்து கெடுக்கும். பேஸ் படிப்படியாக ஒரே திசையில் நடந்தால் சந்தேகப்படுங்கள்.

அண்மையில் பிரித்த ஒரு மெதுவான பாட்டில் இது உச்சத்துக்குப் போயிருந்தது. சட்ஜம் ஏ, மைனர் சாயல். பல்லவியின் முதல் ஆறு பாரிலும் (தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு பகுதிதான் ஒரு பார்) பேஸ் ஒவ்வோர் அரைச்சுரமாக இறங்குகிறது: ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ. குரல் பாதி நேரம் ஈ-யிலேயே நின்றுகொண்டிருக்கிறது, அதனிடமிருந்து ஒரு தகவலும் பெயராது. பார்த்தவுடன் கைக்கு வருகிற வரிசை ஏ மைனர், ஈ, சி, டி, எஃப், ஈ. ஒவ்வொரு கார்டிலும் அந்தந்தப் பேஸ் சுரம் இருக்கத்தான் செய்கிறது. வாசித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பதிவில் ஒரு மூச்சடைத்த தன்மை இருந்தது. இந்த வரிசையில் அது வரவில்லை. ஒவ்வொரு பாரிலும் கதவு திறந்து மூடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரே ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுத்தேன்: சி. முதல் பாரில் ஏ மைனரின் காந்தாரம் அதுதான். பாட்டை ஓடவிட்டு அதை முனகிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பாரில் இருப்பது ஈ மேஜர் என்றால் அதில் பி இருக்கும். என் சி அதோடு அரைச்சுர இடைவெளியில் உரசியாக வேண்டும். உரசவில்லை. மூன்றாவது பாரிலும் இல்லை. நான்காவதில் டி மேஜர் என்றால் டி-யோடு ஒரு நெருடல் வர வேண்டும். அங்கேயும் அமைதி. ஐந்தாவது பாரில் எஃப் மேஜரிலும் சி உண்டு, ஆகவே அது ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது பாரின் முதல் தட்டில் பளிச்சென்று உரசியது. என் குரல் தானாகவே பி-க்கு இறங்கிக்கொண்டது. பிறகு ஏ சுரத்தை முனகி இதே சோதனை. அதுவும் ஐந்து பாருக்கும் நின்றது. நான்காவது பாரில் சி-யும் ஏ-யும் இருக்க, கூட இருப்பது டி-யா ஈ-யா என்று ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. டி என்றால் அது டி செவன்த். ஈ-யை முனகினேன், கரைந்தது.

ஆக, வயலின்கள் முதல் நான்கு பாரிலும் அசையவே இல்லை. ஏ, சி, ஈ என்று ஒரே ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பேஸ் மட்டும் படியிறங்கிப் போகிறது. நான்கு கார்டு என்று நினைத்தது ஒரே கார்டு. ஈ மேஜர் ஆறாவது பாரில்தான் முதன்முறையாக வருகிறது, அதனால்தான் அது அப்படி இறங்கி அடிக்கிறது. இரண்டாவது பாரிலேயே ஈ மேஜரை வாசித்துத் தீர்த்துவிட்டால் ஆறாவது பாருக்கு என்ன மிச்சம்? கிட்டாரில் இதை வாசிப்பது விரலுக்குக் கொஞ்சம் கொடுமை. ஏ மைனரைப் பிடித்தபடியே ஆறாம் தந்தியில் நான்காவது, மூன்றாவது, இரண்டாவது ஃப்ரெட் என்று சுண்டுவிரலோ கட்டைவிரலோ இறங்கி வர வேண்டும். ஐந்தாவது பாருக்கு முதல் ஃப்ரெட்டில் எஃப், கடைசியில் திறந்த தந்தியில் ஈ.

பாட்டின் சுருதியே எந்த ஃப்ரெட்டிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் தொங்குவதும் உண்டு, பழைய பதிவுகளில் குறிப்பாக. ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்பது பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் விதி, 1975-ல் ஐஎஸ்ஓ 16 என்ற எண்ணில் உறுதியானது. ஆனால் ஒலிநாடா அதை மதிக்க வேண்டுமே. ஓர் அரைச்சுரம் என்பது அதிர்வெண்ணில் ஏறத்தாழ 6 விழுக்காடு. நாடா ஓடிய வேகம் 3 விழுக்காடு பிசகியிருந்தால் பாட்டு முழுக்க இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் போய் நின்றுவிடும். இந்த நிலையில் கார்டு தேடினால் எல்லாமே லேசாகத் தப்பாக ஒலிக்கும். தன் காதின் மேல் சந்தேகம் வந்துவிடும். கிட்டாரின் முறுக்காணிகளைத் திருகி பாட்டுக்கு ஏற்றாற்போல் சுருதி சேர்க்கலாம். கோப்பின் சுருதியை மென்பொருளில் நகர்த்துவது இன்னும் சுலபம், தந்திக்கும் ஆயுள் கூடும்.

பதிவிலேயே கிட்டார் இருந்தால் இன்னொரு தடயமும் உண்டு. பாட்டு ஈ ஃப்ளாட் மேஜர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் வாசித்திருக்கலாம். மூன்றாவதில் போட்டு சி வடிவத்திலும் வாசித்திருக்கலாம். டி வடிவத்தில் உச்சத் தந்தி தரும் சுரம் கார்டின் காந்தாரம், அதுவும் விரல் வைத்தது. சி வடிவத்தில் உச்சத்தில் ஒலிப்பது கேப்போவிலிருந்து நேராக ஒலிக்கும் தந்தி. அதுவும் காந்தாரம்தான், சுருதியும் ஒன்றேதான். ஆனால் சி வடிவத்தில் கார்டின் அடியில் ஐந்தாம், நான்காம் தந்திகளில் ஈ ஃப்ளாட்டும் அதன் மேல் ஜி-யும் நெருங்கிக் கனமாக ஒலிக்கும். டி வடிவத்தில் அடியிலேயே அகலமாக ஒரு சட்ஜ பஞ்சமம், காற்றோட்டமாக இருக்கும். மேலே கேட்டுத் தெரியாத வித்தியாசம் கீழே தெரியும்.

இயந்திரங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பாட்டைக் குரல், பேஸ், தாளம், மற்றவை என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் இப்போது எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. டீசர் (Deezer) என்ற இசைச் சேவை நிறுவனம் ஸ்ப்ளீட்டரை 2019-ல் இலவசமாக வெளியிட்டது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களிடமிருந்து டெமுக்ஸ் வந்தது. பேஸை மட்டும் தனியாகக் கேட்க முடிவது பெரிய வரம், நானே தயங்காமல் பயன்படுத்துகிறேன். முன்பெல்லாம் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துக் குரலை நீக்குவார்கள். நடுவில் வைத்துப் பதிவு செய்யப்பட்ட எதுவும் அதில் அழிந்துவிடும். குரலும் நடுவில், பேஸும் நடுவில். குரலோடு பேஸும் போய், கார்டு தேடுகிறவருக்குச் சக்கைதான் மிஞ்சும்.

கார்டுப் பெயரையே சொல்லிவிடும் செயலிகள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அவற்றில் பலவும் எல்லா ஸ்தாயிகளையும் ஒன்றாக மடித்து, பன்னிரண்டு சுரங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று பார்க்கிற அடிப்படையில் வளர்ந்தவை. அப்படி மடித்த கணத்திலேயே எது அடியில் இருந்தது என்ற செய்தி போய்விடுகிறது. ஏ மைனர் செவன்த்துக்கும் சி சிக்ஸ்த்துக்கும் வித்தியாசம் தெரியாத நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வது போலத்தான். சட்ஜத்தையும் மாற்றம் வரும் இடங்களையும் சரிபார்க்க உதவும், அதற்குமேல் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஓரிரு பார் தீராமல் நிற்கும். கீபோர்டு மேஜர் காந்தாரத்தைப் பிடித்திருக்க, பாடகர் அதே இடத்தில் மைனர் காந்தாரத்தைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். ப்ளூஸ் சாயலுள்ள பாட்டுகளில் இது வேண்டுமென்றே செய்வது. அங்கே ஒரு கார்டுதான் சரி என்று பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிவிடுகிறேன். கூடப் பாட ஆள் இருந்தால் மேஜரை மீட்டி, மைனரை அவர் தொண்டைக்கு விட்டுவிடுவேன்; தனியாக வாசித்தால் அந்த ஒரு தட்டுக்குக் காந்தாரத் தந்தியிலிருந்து விரலை எடுத்துவிடுவேன்.